முதுகுக்காரர் திரும்பிப் பார்த்த நாலு நிமிடம்

சினிமாத் தியேட்டரில் உத்தியோகம், வாரம் இரண்டு புதுப்படம், ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. முதுகுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி டீ கொண்டுவருகிறவர் முதல் முதலாளி வரைக்கும் அவர் முதுகுக்காரர்தான்.

வேலை இதுதான். ஒரு படம் வெளியே வருவதற்கு முன்னால் பிரிவியூ தியேட்டரில் நூற்றிருபது பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். கடைக்காரர், கல்லூரிப் பெண், ஓய்வு பெற்ற வாத்தியார், சும்மா தெருவில் போனவர் என்று கலந்துகட்டி அழைத்து வருவார்கள். அத்தனை பேரும் திரையைப் பார்த்திருக்க, இவர் மட்டும் திரைக்குக் கீழே இடது மூலையில் முக்காலி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மடியில் அட்டை, அட்டையில் தாள், தாளில் நிமிடத்துக்கு ஒரு கட்டம். இருக்கை எண்ணைப் போட்டு, சிரித்தால் ‘சி’, கொட்டாவி விட்டால் ‘கொ’, கண்ணை மூடினால் ‘க’, எழுந்து வெளியே போனால் ‘எ’. கட்டம் காலியாக இருந்தால் ஒருவரும் அசையவில்லை என்று அர்த்தம். நாலு கட்டம் தொடர்ந்து காலியாக வந்தால் எடிட்டர் கத்திரியைக் கையில் எடுத்துவிடுவார். அதனால் எழுதுவதில் எவ்வளவு ஜாக்கிரதையோ, எழுதாமல் விடுவதிலும் அவருக்கு அவ்வளவு ஜாக்கிரதை.

படத்தைப் பார்க்கிறவன் ஜனங்களை மறந்துவிடுவான் என்பது அந்தத் தியேட்டரை ஆரம்பித்த கிழவரின் கொள்கை. கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கொள்கை முக்காலியோடு இங்கேயே தங்கிவிட்டது.

வீட்டிலும் பழக்கம் விடவில்லை. டிவியில் படம் ஓடினால் இவர் சுவரில் சாய்ந்துகொண்டு மனைவியின் முகத்தைப் பார்ப்பார். “என் மூஞ்சில என்ன படமா ஓடுது? அங்க பாருங்களேன்” என்று அந்த அம்மாள் சீறுவாள். “இன்னும் ரெண்டு நிமிஷத்துல நீ அழப்போற” என்பார் இவர். சொன்னபடி அழுவாள். அழ வைத்ததற்கும் சேர்த்து இவருக்குத்தான் திட்டு.

ஒரே மகள். இருபத்தொன்பது வயது. நடிகை. மூன்று படத்தில் பிணம், எட்டுப் படத்தில் கூட்டத்தில் ஒருத்தி, ஒரு சோப்பு விளம்பரத்தில் பின்னந்தலை. இவ்வளவுதான் அதுவரை நடித்தது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. தாய்க்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இந்த வருடம் ஒரே போடாகப் போட்டாள்: “இந்த ஒரு படந்தான். இதுல உன் மூஞ்சி தெரியலன்னா மறுபேச்சு பேசாம ஆஸ்பத்திரிக்குப் போற. சரின்னு சொல்லு.” மகள் தயங்காமல் சரியென்றாள். ஏனென்றால் இந்தப் படத்தில் அவளுக்கு நாலு நிமிடம் கிடைத்திருந்தது. நாலு நிமிடமும் அவள் முகம்தான்.

படம் வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட காலத்துக் கதை. ஒரு ரப்பர் தோட்டம். துரையைக் கை நீட்டி அடித்துவிட்டு ஒரு கூலிக்காரன் காட்டுக்குள் ஓடிவிடுகிறான். துரையின் ஆட்கள் அவன் தங்கையைப் பிடித்து வந்து, அண்ணன் ஒளிந்த இடம் எங்கே என்று விசாரிக்கிறார்கள். அவள் சொல்லவில்லை. அடியிலேயே சாகிறாள். பிறகு அண்ணன் ரப்பர் பால் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்து பதினாலு பேரை ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். அந்தத் தங்கைதான் முதுகுக்காரரின் மகள்.

முந்தின நாள் சாயங்காலம், அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு உங்க தியேட்டர்லதாம்பா.”

“எது?”

“என் படம்.”

அவர் ஊசியைக் கீழே வைத்தார். தியேட்டரில் ஒரு விதி உண்டு. படத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு முக்காலியை மாற்று ஆளுக்கு விட வேண்டும். மாற்று ஆள் இடைவேளைக்கு முன்பே குறட்டை விடுகிற மகானுபாவர். அவர் தாளைப் பார்த்தால் நூற்றிருபது பேரும் நிம்மதியாகத் தூங்கிய மாதிரி இருக்கும்.

“நாளைக்கு நான் உக்காரக் கூடாதும்மா” என்றார்.

“ஐயோ, நீங்கதாம்பா உக்காரணும். நீங்க எழுதினாதான் நம்புவாங்க. எனக்காக ஒண்ணும் கூட்டி எழுத வேணாம். உள்ளத எழுதுங்க, போதும்.”

அவர் யோசித்தார். திரையில் யார் இருந்தால் எனக்கென்ன, நான் பார்க்கப்போவது ஜனங்களைத்தானே என்று பட்டது. திரும்பியே பார்க்காதவனுக்கு மகள் ஏது, மருமகன் ஏது? யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும். இவருக்குச் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

மறுநாள் காலை பத்தரை மணிக் காட்சி. ஜனங்கள் வந்து உட்காருவதற்கு முன்னால் எடிட்டர் அம்மாள் அவரிடம் வந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருக்கும் அந்த அம்மாளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“படம் நீளமா இருக்கு சார். அந்த விசாரணை சீன், இல்ல ஆத்தங்கரை சீன், ரெண்டுல ஒண்ணு போயாகணும். டைரக்டர் ரெண்டும் வேணும்னு அடம் புடிக்கிறாரு. உங்க தாள் எதைச் சொல்லுதோ அதான்னு பேசி முடிச்சிருக்கோம்.”

முதுகுக்காரர் தலையாட்டினார். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

முதல் நாற்பது நிமிடம் வழக்கம்போலப் போயிற்று. மூன்றாம் வரிசையில் ஒரு தடித்த கண்ணாடிக்காரர், ஆறாம் நிமிடத்திலேயே இரண்டு கொட்டாவி. ஐந்தாம் வரிசையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், துரையின் தொப்பியைப் பார்த்து, “இந்தத் தொப்பி அப்ப கிடையாது” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் வரிசையில் மளிகைக் கடைக்கார அம்மாள் ஒருத்தி, பையை மடியில் கட்டிப்பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்தாள். முதுகுக்காரருக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். அவர்கள் முகத்தில் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும்.

நாற்பத்தோராம் நிமிடம். முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம். துரையின் குரல் அவன் பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டது. துபாஷி ஒருவன் அதை நம் பாஷையில் சொன்னான்: “அண்ணன் எங்க இருக்கான்னு துரை கேக்குறாரு.” பதில் இல்லை. பெல்ட்டுச் சத்தம். மூன்றாம் வரிசைக் கண்ணாடிக்காரர் கண்ணை மூடினார். ‘க’. மறுபடி கேள்வி, மறுபடி மௌனம், மறுபடி சத்தம். இரண்டாம் வரிசை மளிகைக் கடை அம்மாள் பையை இறுக்கிக்கொண்டு, “கத்துடி... கத்தித் தொலையேண்டி பொண்ணே” என்று முணுமுணுத்தாள். அதற்கு என்ன எழுத்துப் போடுவது என்று அவர் பேனாவைத் தூக்கியபடி இருந்தார்.

அப்போதுதான் அந்த மூச்சு கேட்டது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்ளும்போது மூக்கு வழியாக மூச்சை வெட்டி வெட்டி இரண்டு தடவையாக இழுப்பாள் அவர் மகள். ஐந்து வயதில் தடுப்பூசி போட்டபோதும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வேலையை விட்ட அன்று தாய் போட்ட சத்தத்துக்கும் அப்படித்தான். அந்தச் சின்ன மூச்சு ஆளுயர ஒலிபெருக்கிகள் வழியாகத் தியேட்டர் முழுக்க வந்தது. முதுகுக்காரர் திரும்பிவிட்டார்.

திரை முழுக்க அவள் முகம். நடிப்பு என்று தெரியும். பெல்ட்டு வெறும் பஞ்சு என்று அவளே சொல்லியிருக்கிறாள். தெரிந்து என்ன பிரயோசனம்? பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள். அப்பனுக்கும் எரிந்தது. துரை ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. கையில் டீக் கோப்பை. பதில் வராதபோது ஒரு விரலை மட்டும் தூக்குவான். அடித்தது நம் ஆட்கள். அடிக்கிற ஒருவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் போல வாசல் பக்கம் பார்த்தான். அவளோ கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் துபாஷியைப் பார்த்தபடி இருந்து, பார்த்தபடியே நின்றுவிட்டது.

காட்சி முடிந்து திரையில் காடு வந்த பிறகுதான் அவருக்கு முக்காலி ஞாபகம் வந்தது. ஜனங்கள் பக்கம் திரும்பினார். ஒன்பது இருக்கை காலி. எந்த நிமிடத்தில் யார் போனார்கள் என்று தெரியாது. தாளில் முதல் கட்டத்தில் ஒரே ஒரு ‘க’, அதற்கப்புறம் வெள்ளை. காலி என்றால் ஒருவரும் அசையவில்லை என்று அர்த்தம். பொய். ஆனாலும் மீதி இரண்டு மணி நேரத்தையும் ஒரு கட்டம் விடாமல் எழுதினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதிய சங்கதியும் நல்ல வேடிக்கை. போன ஒன்பது பேரில் ஏழு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அண்ணன் கத்தியைத் தீட்டியதும் தியேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடிக்குக் கண்ணை மூடிய கண்ணாடிக்காரர், துரையின் கழுத்து அறுபடும்போது எழுந்து நின்று விசில் அடித்தார். வாத்தியார் தொப்பியை மறந்துவிட்டுக் கை தட்டினார். ஆனால் அண்ணன் அந்தத் துபாஷியைத் துரத்திப் பிடித்தபோது விசில் இல்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள், ஒருவர் செல்போனை எடுத்தார். மளிகைக் கடை அம்மாள் மட்டும் எதற்கும் கை தட்டவில்லை. அவள் விசாரணைக் காட்சியிலேயே தங்கிவிட்டாள் என்று முதுகுக்காரருக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதக் கட்டம் கிடையாது.

படம் முடிந்ததும் வெளி வராந்தாவில் கருத்துச் சீட்டுகள் வந்தன. “ரத்தம் ஜாஸ்தி, ஏசி கம்மி” என்று ஒன்று. “வெள்ளைக்காரர்கள்தானே ரயில் விட்டார்கள்” என்று ஒன்று. “அடித்தது நம் ஆட்கள் என்று ஏன் காட்ட வேண்டும்?” என்று கையெழுத்தில்லாமல் ஒன்று. முதுகுக்காரர் அவற்றைப் புரட்டாமல் நேரே கதவுக்காரரிடம் போனார்.

“ஒன்பது பேர் வெளிய வந்தாங்களே, எப்ப வந்தாங்க?”

“அந்தப் பொண்ண அடிக்க ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரா வந்தாங்கண்ணே. தண்ணிக் குழாய்கிட்டதான் நின்னாங்க. ‘அடி முடிஞ்சதும் சொல்லு, உள்ள போறோம்’னு ஒருத்தர் சொன்னாரு. நான்தான் கூப்பிட்டேன்.” கதவுக்காரர் ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட மாதிரிச் சிரித்தார்.

மாடி அறையில் டைரக்டரும் எடிட்டர் அம்மாளும் தாளுக்காகக் காத்திருந்தார்கள். டைரக்டர் சின்ன வயசு, இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். முதுகுக்காரர் படியில் நின்று, அந்த நாலு கட்டத்தின் மேல் கோடு இழுத்து, ஓரத்தில் எழுதினார்: “இந்த நாலு நிமிடமும் நான் திரும்பித் திரையைப் பார்த்துவிட்டேன். ஒன்பது பேர் வெளியே போனார்கள், நான் பார்க்கவில்லை, கதவுக்காரர் சொன்னது.” பொய் எழுதாத கை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதியது.

டைரக்டர் வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“மேடம், இதைப் படிங்க. திரும்பிட்டாராம்! இருபத்திரண்டு வருஷமா திரும்பாத மனுஷன்!”

எடிட்டர் அம்மாள் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு படித்தாள். அவள் முகமும் மாறியது. “நெசமாவா சார்?”

“ஆமாம்மா.”

“ஒன்பது பேர் போனா என்ன, ஒருத்தர் திரும்பியிருக்காரே!” என்றார் டைரக்டர். “இவருக்கு வேண்டியவங்களும் கிடையாது, வேண்டாதவங்களும் கிடையாது. இவரையே திருப்பிட்டான்னா அந்தப் பொண்ணு எப்பேர்ப்பட்ட நடிகை! மேடம், ஆத்தங்கரை போகட்டும். விசாரணை இருக்கட்டும்.”

எடிட்டர் அம்மாள் பேனாவை எடுத்து ஆத்தங்கரை என்பதன் மேல் வைத்தாள். அவ்வளவுதான். அந்தப் பேனா ஒரு கோடு இழுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். மகளுக்கு நாலு நிமிடம், தாய்க்கு வாயடைப்பு, இவருக்கு வீட்டில் ராஜ மரியாதை. சும்மா இருந்திருக்க வேண்டியதுதானே? தவளை தன் வாயால் கெடும். ‘வேண்டியவர்கள் கிடையாது’ என்ற அந்த ஒரு சொல் அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

“தம்பி” என்றார். “அது என் மகள்.”

டைரக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

“யாரு?”

“அந்தத் தங்கச்சியா நடிச்ச பொண்ணு. என் மகள். நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு.”

டைரக்டர் மெதுவாக உட்கார்ந்தார். கோபமில்லை. ஏமாந்த முகம்தான். “இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே சார்” என்றார்.

எடிட்டர் அம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அப்ப அந்தக் குறிப்பு செல்லாது. மிச்சம் இருக்கிறது ஒன்பது பேர் போனது. ஆத்தங்கரைல ஒருத்தரும் போகல.”

“அவ அடி வாங்கலன்னா அவன் எதுக்கு மேடம் வெட்டுறான்?”

“ஒரு வரில சொல்லிடலாம். ‘உன் தங்கச்சியக் கொன்னுட்டாங்கடா’ன்னு ஒருத்தன் காட்டுக்குள்ள ஓடி வந்து சொல்லட்டும். அதுக்கே விசில் வரும், பாருங்க.”

வரும். முதுகுக்காரருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருட அனுபவம். நிச்சயம் வரும். டைரக்டரும் சரி என்றார்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் மகள் வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னால் மனைவி, கையில் கரண்டியோடு, கேட்காதவள் போல நின்றாள்.

“என்னப்பா ஆச்சு? எத்தனை பேர் போனாங்க?”

“ஒன்பது பேர்.”

“அடக் கடவுளே.” அவள் முகம் சுருங்கியது. “அந்த சீன்லயா?”

“தெரியலம்மா. நான் பாக்கல. நான் திரும்பி உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவள் நம்பவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். “நீங்களா? திரும்புனீங்களா? முழுசாவா?”

“முழுசா. நாலு நிமிஷமும்.”

“எப்படி இருந்தேன்?”

அடுத்தவர் முகத்தை எழுதியே பழகிய மனிதர். தன் முகத்துக்கு என்ன எழுத்து என்று தெரியவில்லை. “எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சும்மா. கால் வரல” என்றார்.

மகள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவிகூட, “போதும் போதும், உள்ள வாங்க ரெண்டு பேரும்” என்று குரலைத் தாழ்த்தினாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் மாடி அறையில் நடந்ததைச் சொன்னார். முதலில் உன் காட்சி இருக்கட்டும் என்றார்கள், ஆத்தங்கரை மேல் பேனாவை வைத்துவிட்டார்கள், நான்தான் சொன்னேன், உன் காட்சியை எடுத்துவிட்டார்கள். ஒன்றையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னார். தாளில் எழுதுவது போலவே இருந்தது.

மகள் எழுந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அவ்வளவு அடி வாங்கியும் நான் வாயத் திறக்கலப்பா” என்றாள். “உங்கள யாரு அடிச்சா?”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனாள்.